சக்கரம் மாற்றுமுன் ஒரு கணக்கு

சென்ற மாதம் என் தங்கையின் மகன் என்னைக் காண வந்திருந்தான். பொறியியற் கல்லூரி மாணவன். வீட்டுக் காரின் பழைய சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் புதிய அலாய் சக்கரங்களை மறுநாளே வாங்கப் போவதாகச் சொன்னான். பழையவை 15 அங்குலம். புதியவை 16 அங்குலம். "டயர் என்ன அளவு?" என்று வினவினேன். "அதே 185/65 தான், மாமா. ஓர் அங்குலந்தானே கூடுகிறது!" என்றான். அந்தத் 'தானே' என்னும் அசைச்சொல்லில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதையே இன்று உங்களுடன் ஆராய விரும்புகிறேன்.

முதலில் டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். அவன் வீட்டுக் காரின் டயரில் 185/65 ஆர் 15 88 எச் என்று இருந்தது. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில் சொல்லப்படுவது. 65 என்பது பக்கச் சுவரின் உயரம். ஆனால் இது மில்லிமீட்டர் அன்று, அகலத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு என்பது பொருள். 'ஆர்' என்னும் எழுத்தை ஆரம் என்று மயங்குவோர் பலர். அது ரேடியல் என்னும் அமைப்பைக் குறிப்பது. டயருக்குள் இருக்கும் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர் குறுக்காக ஓடுகின்றன என்பதன் அடையாளம். 15 என்பது டயர் பொருந்தும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் ஆகிய மூன்றும் ஒரே வரியில் கலந்து நிற்பதனாலேதான் பலர் இங்கே இடறுகின்றனர்.

இனிக் கணக்கிற்கு வருவோம். 185இல் 65 விழுக்காடு 120.25 மில்லிமீட்டர். பக்கச் சுவர் மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆகவே 240.5. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் ஆதலால், 15 அங்குல ரிம் 381. இரண்டையும் கூட்டினால் டயரின் முழு விட்டம் 621.5 மில்லிமீட்டர். என் மருமகன் எண்ணியவாறு 185/65 என்பதை மாற்றாமல் ரிம்மை மட்டும் 16 ஆக்கினால் 240.5உடன் 406.4 சேர்ந்து 646.9 ஆகிறது. விட்டம் நூற்றுக்கு நான்கு பங்கிற்குச் சற்று மேல் வளர்ந்துவிட்டது.

வளர்ந்தால் என்ன? காரின் வேகமானி சாலையைப் பார்ப்பதில்லை. சக்கரம் சுழலும் எண்ணிக்கையைக் கொண்டே வேகத்தைக் கூறுகிறது. பெரிய சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலான தொலைவு செல்லும். வேகமானிக்கு அது தெரியாது. ஊசி 80இல் நிற்கும்போது, முன்பு அது சரியாகக் காட்டியதென்று கொண்டால், கார் உண்மையில் 83 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டலாகாது என்று பல நாடுகள் விதித்திருப்பது இதனாலேயே. நெம்புகோல் விதியையும் நினைவிற் கொள்ளுங்கள். பிரேக் தரும் முறுக்கு விசை முன்போலவே இருக்க, ஆரம் நீண்டுவிட்டால், தரையில் கிடைக்கும் தடுப்பு விசை குறையும். வேகம் தெரியாமலே கூடுகிறது. அதே அழுத்தத்திற்குத் தடுப்போ குறைகிறது.

இவ்வளவையும் தாளில் எழுதிக் காட்டியதும் அவனே வழியையும் கண்டுபிடித்தான். ரிம் பெரிதானால் பக்கச் சுவர் சிறிதாக வேண்டும். 195/55 ஆர் 16 என்னும் அளவைக் கணக்கிட்டான்: 195இல் 55 விழுக்காடு 107.25, இரட்டித்தால் 214.5, அதனோடு 406.4 சேர்த்தால் 620.9. பழைய டயருக்கும் இதற்கும் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடுகூட இல்லை. "முடிந்தது, மாமா!" என்று எழுந்தான். "உட்கார், இன்னும் ஓர் எண் இருக்கிறது" என்றேன்.

அதுதான் இறுதியில் நிற்கும் 88. எவரும் அதைப் பார்ப்பதில்லை. நானும் ஒரு காலத்தில் பார்த்ததில்லை. அது டயர் தாங்கக்கூடிய பாரத்தின் குறியீட்டெண். 88 என்றால், உரிய காற்றழுத்தத்தில், ஒரு டயருக்கு 560 கிலோகிராம். 195/55 ஆர் 16 அளவில் வழக்கமாகக் கிடைக்கும் டயரின் எண்ணோ 87. அதாவது 545 கிலோகிராம். நான்கு டயர்களுக்குமாக 60 கிலோகிராம் குறைகிறது. ஓர் ஆளின் எடை! பாரம் மிகுந்தால் டயர் மிகையாக வளைந்து சூடேறும். சூடு அதன் உள்ளிழைகளைத் தளர்த்தும். அதே அளவில் வலுவூட்டிய வகையும் உண்டு. அதன் எண் 91, தாங்குவது 615 கிலோகிராம். ஆனால் அதற்குரிய காற்றழுத்தம் வேறு. எண்ணை அடுத்து வரும் 'எச்' என்னும் எழுத்து, மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதன் குறி. இவ்விரண்டும் கார் செய்தோர் விதித்ததற்குக் குறையலாகாது.

கணக்கு பொருந்தினாலும் இடம் பொருந்த வேண்டும். இதை நான் பட்டறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கடைக்காரர் சொல்லை நம்பி என் காருக்கு அகலமான டயர்களைப் பூட்டினேன். தனியே ஓட்டியபோது ஒரு குறையும் தோன்றவில்லை. குடும்பத்தோடு மூட்டை முடிச்சுகளுடன் ஏர்க்காடு மலைப்பாதையில் ஏறிய அன்று, முதல் கொண்டையூசி வளைவிலேயே கரகரவென்று ஓசை எழுந்தது. இறங்கிப் பார்த்தால், முன் சக்கரத்தின் டயர் மட்கார்டின் உட்புறத்தில் உரசி, ரப்பர் துணுக்குகள் சிதறிக் கிடந்தன. வண்டியிற் குழந்தைகள் இருந்தனர். வெறும் வண்டி மறைத்த குறையைப் பாரம் காட்டிக்கொடுத்தது. ஆதலால், முழுப் பாரத்தோடும், ஸ்டியரிங்கை இருபுறமும் முற்றத் திருப்பியும் பார்த்த பின்னரே புதிய டயரைப் பொருந்தியதென்று கொள்ள வேண்டும். ரிம்மின் அகலமும், போல்ட் துளைகளின் இடைவெளியும்கூட ஒத்திருக்க வேண்டும்.

பக்கச் சுவர் 13 மில்லிமீட்டர் குறைவதற்கும் ஒரு விலை உண்டு. பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மைக் காக்கும் காற்று மெத்தை அதுவே. மெத்தை மெலிந்தால் அடி ரிம்மில் விழும். தோற்றத்தில் வரும் அழகு, நம் சாலைகளில் செல்லும் சுகத்தில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடுகிறது.

மருமகன் மறுநாள் கடைக்குச் சென்றான். போகுமுன், காரின் ஓட்டுநர் பக்கக் கதவுநிலையில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்து, டயர் அளவையும் காற்றழுத்தத்தையும் குறித்துக்கொண்டான். மாலையில் திரும்பியவன், "பழைய சக்கரமே இருக்கட்டும், மாமா, அதே அளவில் நான்கு புதிய டயர்கள் வாங்கிவிட்டேன்" என்றான். பெரிய சக்கரம் பிழையென்று நான் சொல்லவில்லை. விட்டம், பாரம், இடம் ஆகிய மூன்றையும் பார்த்து மாற்றுவோர் மாற்றலாம். உங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் நின்றால், இன்றே குனிந்து அதன் டயரைப் படித்துப் பாருங்கள். பள்ளியில் கற்ற விழுக்காடும் விட்டமும் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கின்றன.