கறுத்த திரையின் காரணம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் கணினிப் பயனர் பலர் நாடும் பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவில் வாங்கிய என்விடியா வரைகலை அட்டையைப் பூட்டி லினக்ஸை நிறுவிய ஒருவர், கேர்னலைப் புதுப்பித்தபின் கறுத்த திரையையே காண்பாராயின், பழுது பெரும்பாலும் அட்டையில் அன்று, டிரைவரிலேயே உள்ளது. கேர்னல் என்பது வன்பொருளை ஆளும் மையநிரல். டிரைவர், குறித்த ஒரு வன்பொருளை அதனுடன் பேசவைக்கும் துணைநிரல். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கேர்னல், செயலிகளுக்கான வாசல்களை மாற்றாது காத்தாலும் தன் உள்ளிணைப்புகளை அடிக்கடி மாற்றுவதால், இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள் அதனுள்ளேயே இருந்து உடனுக்குடன் திருத்தப்பட, வெளியே நிற்கும் என்விடியாவின் டிரைவரோ ஒவ்வொரு புதிய கேர்னலுக்கும் மீளத் தொகுக்கப்பட வேண்டியுள்ளது. அதனைத் தானாகச் செய்யும் டிகேஎம்எஸ் என்னும் கருவி, கேர்னலின் தலைப்புக் கோப்புகள் இல்லையெனில் தோற்றுவிடும். தொகுத்தாலும், கையொப்பமில்லாத நிரலை செக்யூர் பூட் என்னும் பாதுகாப்புத் தொடக்க முறை தடுக்கக்கூடும்.

2022 மே மாதத்தில் என்விடியா தன் கேர்னல் நிரற்கூறுகளின் மூலநிரலைத் திறந்தது. தாமதமான நற்செயல்தான், ஆயினும் அவையும் கேர்னலுக்கு வெளியிலேயே உள்ளன. உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீடுகள் பழைய கேர்னலை உடனே அழிப்பதில்லை என்பதால், கணினி தொடங்கும்போது கிரப் என்னும் தொடக்கப் பட்டியலைத் திறந்து பழைய கேர்னலைத் தெரிவுசெய்தால் திரை பெரும்பாலும் மீளும். டிரைவரைப் பிறகு ஆறுதலாகத் தொகுக்கலாம்.