பெட்டிக்குள் ஒரு ஆம்ப்ளிஃபையர்

மின்கிதாரின் எஃகுத் தந்தி அதிரும்போது அதன் அடியிலிருக்கும் பிக்கப்பின் காந்தப்புலம் கலைகிறது. காந்தத்தைச் சுற்றியுள்ள செம்புக் கம்பிச் சுருளில், ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மின்னழுத்தம் எழுகிறது. இதை அப்படியே ஒலிக்கவிட்டால் மெலிந்த, உயிரற்ற ஓசையே கேட்கும். ராக் இசையில் கிதாரின் குரல் என்று ரசிகர்கள் அறிந்திருப்பதில் பெரும்பகுதி ஆம்ப்ளிஃபையரிலும் ஸ்பீக்கர் பெட்டியிலும் உருவாகிறது. அந்த இரண்டின் நடத்தையையும் கணக்காக மாற்றி, கூடவே டிலே, ரிவர்ப், கோரஸ் போன்ற எஃபெக்ட்களையும் சேர்த்து ஒரே பெட்டியில் இயக்குவதுதான் மல்டி எஃபெக்ட்ஸ் மாடலிங் கருவி.

தில்லி போன்ற நகரத்தில் இதன் தேவை எளிதில் விளங்கும். வால்வு ஆம்ப்ளிஃபையரின் செழுமையான ஒலி, அதன் வால்வுகளை எல்லைவரை உந்தும்போதுதான் முழுமையாக வெளிப்படும். அந்த உரப்பில் அடுக்குமாடி வீட்டில் வாசிக்க வழியில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஐஐடி தில்லியின் ரான்டெவூ போன்ற கல்லூரி விழா மேடைகளில் வேறு நெருக்கடி. ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் இடைவெளியில், முன்பின் பழகாத ஆம்ப்ளிஃபையரைச் சரிசெய்துகொண்டிருக்க நேரம் கிடைக்காது. இரண்டு சிக்கலுக்கும் மாடலிங் கருவி விடை தருகிறது. பரிக்ரமா என்ற ராக் குழு 1991இல் தில்லியில் தொடங்கியபோது எஃபெக்ட் பெட்டிகள் இருந்தன. ஆனால் மாடலிங் கருவி சந்தைக்கு வந்திருக்கவில்லை. ரோலண்டின் விஜி-8 1995இலும், லைன் 6 நிறுவனத்தின் பாட் 1998இலும்தான் வந்தன.

கருவிக்குள் நுழையும் சமிக்ஞை முதலில் எண்களாகிறது. பெரும்பாலான கருவிகள் வினாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை மின்னழுத்தத்தை அளந்து எண்ணாகக் குறிக்கின்றன. அந்த எண்களை ஒரு செயலி கணக்கிட்டு மாற்ற, மீண்டும் அவை மின்னழுத்தமாகி வெளியேறுகின்றன. இதற்கெல்லாம் ஆகும் தாமதம் வழக்கமாகச் சில மில்லி வினாடிகள்தான். காற்றில் ஒலி ஒரு மீட்டர் செல்லவே ஏறத்தாழ 3 மில்லி வினாடி ஆகும் என்பதால், இரண்டு மீட்டர் தள்ளி வைத்த ஆம்ப்ளிஃபையரைக் கேட்பதிலும் இதே அளவு தாமதம் உண்டு.

கடினமான பகுதி வால்வைக் கணக்காக்குவது. சிறிய சமிக்ஞையை வால்வு நேர்விகிதத்தில் பெருக்கும். சமிக்ஞை வளர வளர அலையின் முகட்டை நசுக்கும். அந்த நசுக்கலில் மூல ஒலியில் இல்லாத மேல் சுரங்கள் பிறக்கின்றன. டிஸ்டார்ஷன் எனப்படுவது இதுதான். கணக்கில் இது நிகழும்போது, கருவி கையாளக்கூடிய உச்ச அதிர்வெண்ணையும் தாண்டிய சுரங்கள் உருவாகி, இடம் மாறிக் கீழே வந்து, இசையோடு ஒட்டாத கரகரப்பாகக் கேட்கும். இதைத் தவிர்க்க நல்ல கருவிகள் உள்ளுக்குள் பல மடங்கு வேகத்தில் அளவெடுத்துக் கணக்கிடுகின்றன. மலிவான கருவிக்கும் உயர்ந்த கருவிக்கும் இடையிலான வேறுபாட்டில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது. மின்சுற்றின் ஒவ்வொரு உறுப்பையும் சமன்பாடாக எழுதுவது ஒரு முறை. உண்மையான ஆம்ப்ளிஃபையருக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, வெளிவருவதைக் கேட்டு அதன் நடத்தையைப் பதிந்துகொள்வது இன்னொரு முறை. 2011இல் வந்த கெம்பர் கருவி இரண்டாவது முறையைப் பரவலாக்கியது. 2021இல் வந்த குவாட் கார்டெக்ஸ் கருவி அதற்கு நரம்பியல் வலைப்பின்னலைப் பயன்படுத்துகிறது.

ஸ்பீக்கர் பெட்டியின் பங்கைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். கிதாருக்கான 12 அங்குல ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வேகமாகக் கைவிடுகிறது. அந்தக் குறைதான் அதன் பெருமை. அது இல்லாவிட்டால் டிஸ்டார்ஷன் தேனீக் கூட்டம்போல் இரையும். ஒரு பெட்டியும் அதன் முன் வைத்த மைக்கும் சேர்ந்து, ஒரு கணத் துடிப்புக்குத் தரும் பதிலைக் கோப்பாகச் சேமிப்பதை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பார்கள். ஒலி சரியில்லை என்று தோன்றினால் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது இந்தக் கோப்பைத்தான்.

எஃபெக்ட்களின் வரிசையில் பெரிய மர்மம் இல்லை: வா-வா, கம்ப்ரெஸர், ஓவர்டிரைவ் ஆகியவை ஆம்ப்ளிஃபையருக்கு முன்பு, டிலே, ரிவர்ப் பின்பு. கருவியை மேடையில் இருக்கும் கிதார் ஆம்ப்ளிஃபையரில் செருகினால், உள்ளிருக்கும் ஸ்பீக்கர் மாதிரியை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் ஒலி இரண்டு பெட்டிகளைக் கடந்து மந்தமாகிவிடும். மிக்சருக்கு நேராகச் செல்லும்போது அந்த ஸ்பீக்கர் மாதிரி கட்டாயம் வேண்டும்.

வீட்டில் ஹெட்போனில் அருமையாக ஒலித்த அமைப்பு மேடையில் காணாமல் போவது பரவலான ஏமாற்றம். காரணம் காதின் இயல்பு. குறைந்த உரப்பில் காது அடி ஒலியையும் உச்ச ஒலியையும் குறைவாகவே உணர்கிறது. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். வீட்டில் அவ்விரண்டையும் கூட்டி வைப்பவரின் கிதார், மேடை உரப்பில் அடியில் உறுமி உச்சியில் கிழியும். நடு அலைகள் இல்லாததால் பேஸுக்கும் டிரம்ஸுக்கும் இடையில் மூழ்கிப்போகும். நடு அலைகளைக் கூட்டி, கிதாரின் அடித் தந்தியின் 82 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுவது நல்லது. இறுதி அமைப்பை ஒத்திகை அறையில், முழுக் குழுவுடன் மேடை உரப்பில் வாசித்தே முடிவுசெய்ய வேண்டும்.

மின்சாரத்திலும் கவனம் தேவை. இந்தியாவின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரத்தை ஒற்றைச் சுருள் பிக்கப்கள் உடனே பிடித்துக்கொள்ளும்; கெயின் கூடக்கூட அதுவும் பெருகும். நாய்ஸ் கேட் அதை வாசிப்பின் இடைவெளிகளில் மட்டுமே மறைக்கும். இரைச்சலைக் குறைப்பதாக நினைத்துப் பிளக்கின் எர்த் முனையை நீக்குவது உயிருக்கே ஆபத்து. எர்த் சரியில்லாத கட்டடத்தில் மின்பணியாளரை அழைத்துச் சரிசெய்வதே வழி.

தரியாகஞ்ச் இசைக்கருவிக் கடைகளுக்கு வாங்கச் செல்பவர்கள் சொந்தக் கிதாரையும் ஹெட்போனையும் கொண்டுபோவது நல்லது. விளம்பரத்தில் இடம்பெறும் நூற்றுக்கணக்கான எஃபெக்ட்களை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரு ஆம்ப்ளிஃபையர் மாதிரியையும் ஒரு ஸ்பீக்கர் மாதிரியையும் மட்டும் வைத்து வாசித்துப் பாருங்கள். கிதாரின் வால்யூமைக் குறைத்தால் டிஸ்டார்ஷன் தெளிய வேண்டும். தந்தியை மெல்லத் தொட்டால் ஒலியும் மென்மையாக வர வேண்டும். அப்படி வந்தால் அந்தக் கருவியை வாங்கலாம்.