டேங்கை நகர்த்தும் முன்

ஜீப் செரோக்கியைப் பாறைக்காட்டில் ஓட்டும் ஆசையில், அதை வீட்டு ஷெட்டிலேயே பிரித்து மாற்றியமைக்கிற அமெரிக்கர்கள் ஏராளம். 1984 மாடலில் தொடங்கி 2001 வரை 28 லட்சத்துக்கு மேல் தயாரான வண்டி. எடை குறைவு; அதன் நான்கு லிட்டர், ஆறு சிலிண்டர் என்ஜின் நீண்ட உழைப்புக்குப் பேர்போனது. யூட்டா மாநிலத்து மோவாப் பாறைகளிலும் கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதையிலும் இன்றும் இதைப் பார்க்கலாம்.

சஸ்பென்ஷனை உயர்த்தி, பெரிய டயர் மாட்டுவது முதல் வேலை. செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கம் தூக்காமல் இருக்கப் பின் ஆக்சிலைச் சில அங்குலம் பின்னுக்குத் தள்ளுவது அடுத்தது. சிக்கல் அங்கேதான் வருகிறது. ஆக்சிலுக்கு நேர் பின்னால், தரைத்தகட்டுக்கு அடியில், சுமார் 76 லிட்டர் பெட்ரோல் டேங்க் தொங்குகிறது. ஸ்பிரிங் அமுங்கும்போது டிஃபரன்ஷியல் அதில் இடிக்கும். உயரமான பாறைப்படியிலிருந்து இறங்கும்போது கல்லில் உரசுவதும் அதே டேங்க்தான். ஆகவே சாமான் வைக்கிற இடத்தின் தரையை வெட்டி, டேங்கை மேலே ஏற்றுகிறார்கள். அல்லது பழையதைக் கழற்றிவிட்டு, பந்தய வண்டிகளில் இருப்பதுபோல் உள்ளே ஸ்பாஞ்ச் அடைத்த சிறிய டேங்க் ஒன்றை வைக்கிறார்கள்.

இடம் கிடைத்ததா என்று மட்டும் பார்த்து முடிக்கிற வேலை அல்ல இது. டேங்கை நகர்த்தினால் ஆபத்தும் கூடவே நகர்கிறது. எங்கே போய் நிற்கிறது என்பதைத் தீர்மானித்த பிறகே கிரைண்டரைக் கையில் எடுக்க வேண்டும்.

கம்பெனிகளே இதை மெல்லத்தான் கற்றுக்கொண்டன. இரண்டாம் உலகப்போர் கால வில்லிஸ் ஜீப்பில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் ஊற்ற சீட் மெத்தையைத் தூக்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில்தான் ஜீப்பின் டேங்க் டிரைவருக்கு அடியிலிருந்து வண்டியின் பின்பக்கத்துக்குப் போனது. ஆனால் பின் கோடியும் பத்திரமான இடம் அல்ல. பின்னால் வேகமாக வரும் வண்டி மோதினால் டேங்க் நசுங்கும். 2013 ஜூனில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, கிராண்ட் செரோக்கி, லிபர்ட்டி மாடல்களில் 27 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொன்னது இதற்காகத்தான். ஜீப்பைத் தயாரித்த கிரைஸ்லர் முதலில் மறுத்தது, பிறகு சுமார் 15.6 லட்சம் வண்டிகளுக்கு ஒப்புக்கொண்டது. டேங்குக்குப் பின்னால் டிரெய்லர் இழுக்கும் இரும்புக் கொக்கியைத் தடுப்பாகப் பொருத்துவதே அதற்கான தீர்வு. 2005 கிராண்ட் செரோக்கியிலோ டேங்க் பின் ஆக்சிலுக்கு முன்னால் வந்துவிட்டது. பழைய செரோக்கி அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் அதன் டேங்கும் ஆக்சிலுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பம்பரிலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே தள்ள முடியுமோ அவ்வளவு நல்லது.

சாமான் இடத்துக்கு ஏற்றினால் இன்னொரு கவலை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது; தரையோடு படிந்து, குழியான இடத்தில் தேங்கும். டேங்குக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே இடைவெளியே இல்லாத தகட்டுச் சுவர் வேண்டும். திறந்த டேங்கைப் பின்சீட்டுக்குப் பின்னால் பெல்ட் போட்டுக் கட்டிவிட்டு, காட்டுக்கு மட்டும்தானே போகிறோம் என்று சமாதானம் சொல்கிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. காட்டில்தான் வண்டி கவிழும்.

எல்லாவற்றிலும் பயங்கரம் காலி டேங்க். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய ஒன்றரை சதவீதத்திலிருந்து ஏழரை சதவீதம் வரை இருந்தால் பற்றிக்கொள்ளும். நிறைந்த டேங்கின் மேல்வெளியில் ஆவி அந்த அளவைத் தாண்டி அடர்ந்திருக்கும். வடித்துக் காய வைத்த டேங்க்தான் சரியாக அந்த அளவுக்கு இறங்கும். கழுவியாயிற்று என்று வெல்டிங் பொறியைக் காட்டினால், மடிப்புகளில் ஒளிந்திருந்த சொட்டு சூட்டில் ஆவியாகி, டேங்க் வெடிக்கும். பழைய டேங்கை வீட்டில் வெட்டி ஒட்டவே கூடாது. தரையை வெட்டும்போதும் டேங்க் ஷெட்டுக்கு வெளியே, தள்ளி இருக்க வேண்டும்.

பொருத்துவதிலும் நுணுக்கம் உண்டு. டேங்க் மேலே போனால் பெட்ரோல் ஊற்றும் வாயும் மேலே போயாக வேண்டும். ஹோஸ் வழி முழுக்கக் கீழ்நோக்கிச் சரியாவிட்டால் பங்க்கில் நாசில் டக் டக்கென்று நின்றுகொண்டே இருக்கும். காற்று போகும் குழாயில், வண்டி கவிழ்ந்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு கட்டாயம். ஊற்றும் வாயைப் பாடியோடு ஒரு கம்பியால் இணைக்காவிட்டால், ரப்பர் ஹோஸில் தேங்கும் நிலைமின்சாரம் பங்க்கிலேயே பொறி தட்டலாம். இன்ஜெக்‌ஷன் என்ஜினுக்குச் சாதாரண ஹோஸ் தாங்காது. 30ஆர்9 என்று அச்சிட்டதுதான் வேண்டும். டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு அதுவும் போதாது, 30ஆர்10. பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் சூடாகாது. சரிவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சினால், ஏற்றத்தின் நடுவில் என்ஜின் நின்றுவிடும்.

செரோக்கிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. தரையை வெட்டினால் அந்த எலும்பில் ஓட்டை. முழு டேங்கின் பெட்ரோலே 55 கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த எடை ஒவ்வொரு குழியிலும் குதிக்கும். வெட்டிய விளிம்பைச் சுற்றிக் கனத்த இரும்புச் சட்டம் வைத்து, பாடியின் அடிச்சட்டங்களோடு இணைக்காமல் வெறும் தகட்டில் போல்ட் போட்டால் சில மாதங்களில் தகடு கிழியும்.

இதைப் படித்துவிட்டு நம் ஊரில் கைவைக்க நினைப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை முதலில் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. டேங்கை இடம் மாற்றிய வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டலாமா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இறங்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் முழுக்க நிரப்பிவிடக் கூடாது. முதலில் ஐந்து லிட்டர் ஊற்றி, பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காகிதத்தால் துடைத்துப் பார்க்க வேண்டும். பிறகு முழுக்க நிரப்பி, மூக்கு மேலாகவும் கீழாகவும், இடப்பக்கமும் வலப்பக்கமும் சாய்த்து நிறுத்தி, திறந்தவெளியில் ஓர் இரவு விட வேண்டும். காலையில் கதவைத் திறக்கும்போது பெட்ரோல் வாசனை கொஞ்சமாவது வந்தால், அந்த வண்டி இன்னும் சாவி போடுவதற்குத் தயாராகவில்லை.