மேல்பட்டையில் இருந்த சின்னம் எங்கே?

பழைய மடிக்கணினியைத் தூக்கி எறிய மனமில்லாமல், அதில் லினக்ஸ் நிறுவிப் பிள்ளைகளின் பாடத்துக்கு வைத்திருக்கும் வீடுகள் பினாங்கில் உண்டு. அப்படி டெபியன் 12 வைத்திருந்தவர்கள், 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-க்கு மேம்படுத்தியதும் ஒரு மாற்றத்தைக் கண்டிருக்கலாம். திரையின் மேல்பட்டையில் இருந்த டெலிகிராம் சின்னத்தைக் காணோம். டியூஷன் நேரம் மாறிய செய்தியும் கண்ணில் படவில்லை. உடனே ‘கணினி கெட்டுவிட்டது’ என்று எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பிள்ளையின் எஸ்.பி.எம். குறிப்புகளும் அதில்தான் இருக்கின்றன.

செய்தி வந்ததும் திரையில் எட்டிப் பார்க்கும் அறிவிப்புப் பெட்டி வேறு, பட்டையில் நிலையாக உட்கார்ந்திருக்கும் சின்னம் வேறு. இரண்டும் வெவ்வேறு வழியில் வருகின்றன. சின்னம் மறைந்ததால் அறிவிப்பு நின்றுவிடாது.

சின்னம் வரும் பழைய வழியைப் புரிந்துகொள்ள ஜார்ஜ்டவுன் கடைவீடுகளுக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடைக்காரரும் தம் பொருளை அங்கே தம் விருப்பப்படி பரப்பி வைப்பார். அதுபோல, ஒவ்வொரு செயலியும் ஒரு குட்டிச் சாளரத்தையே பட்டைக்குள் கொண்டுவந்து நுழைத்தது. அதில் என்ன வரைவது என்பது செயலியின் இஷ்டம். பட்டைக்கு ஒன்றும் தெரியாது. இது எக்ஸ்11 என்ற பழைய வரைகலை முறையை நம்பியிருந்தது. அந்த முறையில் ஒரு செயலி மற்றொன்றின் சாளரத்தையும், நாம் தட்டும் எழுத்துகளையும் ஒட்டுப் பார்க்க முடியும். அதற்கு மாற்றாக வந்த வேலண்ட் அந்தக் கதவை அடைத்துவிட்டது. புதிய வழியில் செயலி, ‘என் பெயர் இது, படம் இது, பட்டியல் இது’ என்று செய்தி மட்டும் அனுப்பும். வரைவது பட்டையின் வேலை.

டெபியனின் வழக்கமான திரைச்சூழலான க்னோம், 2017 செப்டம்பரில் 3.26 பதிப்போடு பழைய சின்னத் தட்டை எடுத்துவிட்டது. புதிய வழியையும் தானாக ஏற்கவில்லை. காரணம் நியாயம்தான் என்றாலும், மாற்று ஏற்பாடு இல்லாமல் எடுத்தது அவசரம் என்பது என் கருத்து. உபுண்டு மட்டும் அதே ஆண்டு அக்டோபரில் ‘ஆப்இண்டிகேட்டர்’ என்ற நீட்சியைத் தன்னோடு சேர்த்தே கொடுத்தது. மற்றவர்கள் அதைத் தாங்களே இணையத்தில் தேடி நிறுவிக்கொண்டார்கள்.

சிக்கல் அங்கேதான். டெபியன் 12-இல் இருப்பது க்னோம் 43; டெபியன் 13-இல் 48. இடையில் வந்த 45ஆம் பதிப்பு நீட்சிகளை எழுதும் முறையையே மாற்றியது. அதனால் பழைய நீட்சி ‘பொருந்தாது’ என்று அணைக்கப்படுகிறது, சின்னமும் அதோடு போய்விடுகிறது. கேடிஈ பயன்படுத்துவோருக்கு இந்தத் தொல்லை இல்லை.

தீர்வு எளிது. பழைய நீட்சியை நீக்கிவிட்டு, அதையே டெபியனின் சொந்தத் தொகுப்புக் களஞ்சியத்திலிருந்து நிறுவுங்கள். ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்து, நீட்சிகள் செயலியில் அதை இயக்குங்கள். களஞ்சியத்திலிருந்து வந்தது அடுத்த மேம்படுத்தலில் கணினியோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படும்.

சின்னமே வேண்டாம் என்பவர்கள் மேலே நடுவில் உள்ள கடிகாரத்தைக் கவனித்தால் போதும். படிக்காத அறிவிப்பு இருந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி தெரியும். அழுத்தினால் பட்டியல் விரியும். 48ஆம் பதிப்பில் ஒரே செயலியின் அறிவிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். புள்ளிக்குப் பதில் கோடிட்ட மணி தெரிந்தால், வீட்டில் யாரோ ‘தொந்தரவு செய்யாதே’ வசதியை இயக்கியிருக்கிறார்கள். டியூஷன் செய்தி கண்ணில் படாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அதே பட்டியலின் அடியில் அதை அணைத்துவிடலாம்.