வெப்பமூட்டாத தொட்டியில் சிறு கெளுத்தி மீன்கள்

கெளுத்தி மீனை அறியாதார் நம் பகுதியில் இலர். பவானியிலும் காவிரியிலும் பிடிபடும் அம்மீனுக்குத் தூரத்து உறவாகிய சிறு மீன் ஒன்று, இப்பொழுது குன்னத்தூர் வட்டாரத்து அங்கத்தினர் சிலரின் இல்லங்களில் கண்ணாடித் தொட்டிகளில் வளர்கின்றது. கோரிடோரஸ் என்பது அதன் பெயர். சுமார் இரண்டரை அங்குலமே வளரும். அடிமணலைத் துழாவி இரை தேடும். பிற மீன்களுக்குத் தீங்கு செய்யாது. இதனை வாங்குவோர் முதலில் கேட்பது, "மார்கழிக் குளிருக்கு வெப்பமூட்டும் கருவி வேண்டாமா?" என்பதே.

மிளகுத்தூள் தூவினாற் போன்ற புள்ளிகளையுடைய வகையைத் தேர்ந்தால் வேண்டியதில்லை. அதன் தாயகம் தென் அமெரிக்காவில் அர்ஜென்டீனா, உருகுவே நாடுகளின் ஆறுகள். சார்லஸ் டார்வின் தமது கப்பற் பயணத்தில் சேகரித்து வந்த மீன்களைக் கொண்டு, 1842-இல் ஜெனின்ஸ் என்பார் இவ்வினத்தை விவரித்தார். அந்நாடுகளில் குளிர்காலம் உண்டு. ஆதலின் 18 பாகை சென்டிகிரேடு வரை இம்மீன் தாங்கும். நம் வீடுகளுக்குள் தொட்டி நீர் அவ்வளவு குளிர்வது அரிது.

ஆயினும் சென்ற மார்கழியில் என் தொட்டியிலிருந்த ஆறு மீன்களில் நான்கு ஒரே வாரத்தில் மடிந்தன. குளிரே காரணமென்று முடிவு கட்டினேன். சங்கங்களின் ஏடுகளைப் பார்வையிடுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, என் தொட்டியின் கணக்கைப் பார்க்கத் தோன்றவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்ததில் உண்மை விளங்கிற்று. அவை மடிவதற்குச் சில நாட்கள் முன்புதான் தொட்டியை முற்றிலும் காலி செய்து, மணலையும் வடிகட்டிப் பஞ்சையும் குழாய் நீரில் பளிச்சென்று கழுவி, அப்பொழுதே இறைத்த ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்பியிருந்தேன்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகின்றது. மணலிலும் பஞ்சிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். குளிரில் இன்னும் மெதுவாகவே பெருகும். துப்புரவு என்ற பெயரில் அவற்றை நானே போக்கிவிட்டேன். மீன்களைக் கொன்றது குளிரன்று. கெட்ட நீரும் திடீர் மாறுதலுமே.

ஆகவே அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம். 60 லிட்டருக்குக் குறையாத தொட்டியில் ஆறு மீன்களாவது சேர்த்து விடுக. கூட்டமாக வாழும் இயல்பினவாதலின் தனி மீன் நலிந்துவிடும். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றுக. புதிய நீரை அகன்ற பாத்திரத்தில் அதே அறையில் ஒருநாள் வைத்திருந்தால், குளோரின் நீங்கும், கிணற்று நீரில் குறைவாயுள்ள பிராணவாயு சேரும், உஷ்ணமும் சமமாகும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக. வெளியேற்றிய நீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம். நைட்ரேட் பயிருக்கு உணவாவதை உழவர் அறிவர்.

சாயக் கழிவின் உப்பு இறங்கிய நொய்யற்கரைக் கிணறுகளின் நீர் இம்மீனுக்கு ஆகாது. தூய மழைநீரைச் சேமித்துக் கலந்துகொள்க. நோய்க்கு உப்பிடுவதும், பிற மீன்களுக்குரிய முழு அளவில் மருந்திடுவதும் செதிலற்ற இம்மீனுக்குத் தீங்காகலாம். கூர்ங்கற்களும் அழுக்கும் மீசைகளைத் தேய்த்துவிடும், மென்மணலே தகும். குளிர்நாட்களில் பசி குறையுமாதலால், சில நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே இரையிடுக.

உண்மையில் அஞ்சத்தக்கது சித்திரை வெயில். 20 பாகையில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கொள்ளும் நீர், 30 பாகையில் ஏழரையே கொள்ளும். தொட்டியைத் தகரக் கூரையின் கீழும் மேற்குச் சன்னலருகிலும் வையாமல், மூடியைத் திறந்து வலையிட்டு, நீர்ப்பரப்பின்மேல் விசிறிக் காற்றுப் படச் செய்க. காற்றுக் குழாயும் இடைவிடாது இயங்கட்டும். இம்மீன் இடையிடையே மேலேறிக் காற்றை விழுங்குவது இயல்பு. குடலாலும் அது சுவாசிக்கும். ஓயாமல் மேலேறினால் மட்டும் உடனே நீரைக் கவனிக்க வேண்டும்.

கடைக்காரர் "தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்" என்று தரும் உறிஞ்சுவாய்க் கெளுத்தியை வாங்காதீர். அது ஓரடிக்கும் மேல் வளரும்; இடம் போதாமல் குளத்தில் விட்டால், பெருகி நம் மீன்களின் வாழ்வையே கெடுக்கும்.

வெப்பமூட்டிக்குச் செலவிடும் பணத்தில் சிறு பகுதிக்கு ஒரு வெப்பமானியும் ஒரு குறிப்பேடும் கிடைக்கும். நாள், உஷ்ணம், மாற்றிய நீர், இட்ட இரை ஆகியவற்றை வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வரச் செய்யுங்கள். எஞ்சிய என் இரு மீன்களும், பின்னர் வாங்கிச் சேர்த்த நான்கும், அவ்வாறு எழுதத் தொடங்கிய பின் ஒரு கோடையையும் கடந்து நலமாயிருக்கின்றன.