உணவுக்காடு: மரத்துக்கு முன் நிலம்

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளி ஊருக்கெல்லாம் உணவு அனுப்புகிறது. நாமக்கல் முட்டை தமிழகப் பள்ளிகளின் சத்துணவுத் தட்டுக்குப் போகிறது. சேலத்து மரவள்ளி ஜவ்வரிசியாகி வட இந்தியாவின் விரத நாள்களுக்குப் போகிறது. கிழங்கு பிடுங்கியும் கோழிப்பண்ணையில் எரு அள்ளியும் இந்த உணவை வெளியே அனுப்புகிற கைகளில் நிலமற்ற தலித் குடும்பங்களின் கைகள் ஏராளம். அக்குடும்பங்களின் அடுப்பில் ரேஷன் அரிசி இருக்கிறது. பழமும் கீரையும் பருப்பும் கூலி மிஞ்சிய நாளில்தான் வருகின்றன. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகக் காட்டியது. இந்தப் பின்னணியில் ‘சமூக உணவுக்காடு’ என்னும் சொல் மாணவர்களிடமும் செயற்பாட்டாளர்களிடமும் புழங்குகிறது. நல்ல சொல்தான். அது நம் ஊர் மண்ணில் வேர்பிடிக்க எவையெவை தேவை என்பதை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உணவுக்காடு என்பது காட்டின் அமைப்பைப் பின்பற்றி, உண்ணத்தக்க தாவரங்களை அடுக்கடுக்காக வளர்ப்பது. மேலே நெடுமரம், அதன் நிழலில் சிறுமரம், அதற்குக் கீழே புதர், தரையில் கீரை, மண்ணுக்குள் கிழங்கு, இவற்றின் மேல் படரும் கொடி. ஆண்டுதோறும் உழவேண்டியதில்லை. உதிரும் இலையே உரம். ஒரு பயிர் பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் பல மழை மிகுந்த தீவுகளிலிருந்து வருபவை. வாழை, கோகோ, ஈரப்பலா என்று நீளும் அவற்றின் பட்டியல்களை இங்கே அப்படியே நட்டால் முதல் கோடையிலேயே காடு கருகும். இந்தச் சமவெளியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 முதல் 1000 மில்லிமீட்டர் மழைதான். பலா கொல்லிமலையில் செழிக்கும். கீழே செம்மண் மேட்டில் நீரில்லாமல் நிற்காது.

நமக்கான பட்டியல் நம் வரப்புகளிலேயே இருக்கிறது. நெடுமரத்துக்குப் பனை, புளி, இலுப்பை, நாவல். நடு அடுக்குக்கு முருங்கை, அகத்தி, நெல்லி, சீத்தா, கொடுக்காப்புளி, கறிவேப்பிலை. கீழே துவரை, சுண்டை. கொடிக்குக் கோவை, பிரண்டை, முடக்கத்தான், அவரை. வேலிக்குக் கிளுவை. கொங்குச் சீமையின் மானாவாரி நிலங்களைச் சுற்றி நிற்கும் இந்த முட்செடியைப் போத்து வெட்டி நட்டாலே துளிர்த்துவிடும். கம்பிவேலிக்குச் செலவழிக்கத் தேவையில்லை. சரிவுக்குக் குறுக்கே வரப்புக் கட்டி மழைநீரை நிறுத்துவதும், கன்றின் அருகே மண்பானை புதைத்து நீர் கசியவிடுவதும், ஓலையும் சருகும் கொண்டு மூடாக்கு இடுவதும் கடினமான தொழில்நுட்பங்கள் அல்ல.

காலம்தான் கடினமானது. அகத்தியும் செடிமுருங்கையும் ஓராண்டுக்குள் பலன் தரும். சீத்தாவுக்கு மூன்று, நான்கு ஆண்டுகள். ஒட்டு நெல்லிக்கும் ஏறத்தாழ அவ்வளவே. விதையிலிருந்து வளரும் புளிக்கு எட்டு, பத்து ஆண்டுகள். பனைக்குப் பதினைந்து ஆண்டுகள் வரை ஆகலாம். முதல் மூன்று கோடைகளில் கன்றுக்குக் குடம் சுமந்து நீர் ஊற்ற ஆள் வேண்டும். அதே கோடையில்தான் நிலமற்ற குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் வேறு கூலிக்கும் ஊரைவிட்டுப் போகின்றன. ஆகவே காத்திருக்க முடிந்தவரே மரம் நட முடியும். பத்து ஆண்டு கழித்தும் இந்த இடத்திலிருந்து தன்னை யாரும் விரட்டமாட்டார்கள் என்று நம்பக்கூடியவரே காத்திருக்க முடியும்.

பாழ்பட்ட நிலத்தையும் மரத்தால் மூட இயலும் என்பதற்குச் சேலத்திலேயே சான்று உண்டு. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010இல் கையில் எடுத்த சேலம் சிட்டிசன்ஸ் ஃபோரம் என்னும் குடிமக்கள் அமைப்பு, தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே பல திட்டுகளாகக் குவித்து, அந்தச் சிறு தீவுகளில் ஆயிரக்கணக்கான மரங்களை நட்டது. இன்று அங்கே பறவைகள் அடைகின்றன. பாராட்ட வேண்டிய பணி. ஆனால் அது நீருக்கும் பறவைக்கும் நகரத்தாரின் மூச்சுக்காற்றுக்குமான காடு. எவருடைய இரவு உணவும் அதை நம்பி இல்லை. உணவுக்காடு என்றதும் பழத்தை யார் பறிப்பது என்ற கேள்வி வந்துவிடும். கேள்வி வந்ததும் சாதி வந்துவிடும்.

இதை இலங்கையின் மலையகம் தெளிவாகக் காட்டுகிறது. கண்டிப் பகுதியின் வீட்டுத் தோட்டங்கள் உலகெங்கும் வேளாண் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் உணவுக்காடுகள்: தென்னை, பலா, கமுகு, அதில் ஏறும் மிளகு, சாதிக்காய், கிராம்பு, காப்பி எனத் தலைமுறை தலைமுறையாக அடுக்கிய தோட்டங்கள். அவற்றின் அருகிலேயே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம், திருச்சி, மதுரை மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற தமிழர்கள் லயன் அறைகளில் வாழ்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். மண்ணும் மழையும் இரு சாராருக்கும் ஒன்றுதான். காடழித்துத் தோட்டம் உண்டாக்கிய உழைப்பாளிகளுக்கு மரம் பற்றிய அறிவும் குறைவில்லை. ஆனால் லயனும் அதன் முற்றமும் தோட்ட நிர்வாகத்துடையவை. 1948இல் அவர்களது குடியுரிமையும் பறிக்கப்பட்டது. அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட நிலம் 7 பேர்ச், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு கட்டியபின் ஒரு பலா நிற்க இடமிருக்கும். ஒரு தோட்டத்துக்கு இராது.

தமிழகத்தில் நமக்கு வரலாறு வேறொரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கை, நிலமின்மையே பறையர்களின் அடிமை நிலைக்குக் காரணம் என்பதை அரசின் முன் வைத்தது. அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பரில் வெளியான அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டவைதாம் பஞ்சமி நிலங்கள். சென்னை மாகாணம் முழுவதிலும் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் பத்தாண்டு விற்கக்கூடாது, பின்னரும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. அந்நிலங்களில் பெரும்பகுதி இன்று எவர் கையில் இருக்கிறது என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மீட்புக் கோரிக்கைக்காக 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியும் இருக்கிறது. உணவுக்காட்டுக்குத் தகுந்த நிலம் எது என்று கேட்டால், மீட்கப்படும் பஞ்சமி நிலமே முதல் விடை. அதில் பல நிலங்கள் மேட்டுப்பாங்கான மானாவாரி நிலங்கள். நெல்லுக்கு உதவாதவை, புளிக்கும் நெல்லிக்கும் போதுமானவை.

இரண்டாவது விடை புறம்போக்கு. இங்கேதான் எச்சரிக்கை தேவை. புறம்போக்கில் உள்ள மரங்களின் பலனை மட்டும் அனுபவிக்க வருவாய்த்துறை வழங்கும் ‘2சி’ பட்டா உண்டு. நிலம் அரசுடையதாகவே இருக்கும். காயும் கனியும் பட்டா பெற்றவருக்கு. நிலமற்றோருக்குப் பயன்படக்கூடிய இந்த ஏற்பாட்டைக் கேட்டுப் பெறுவோர் குறைவு. பொது மரங்களின் மகசூல் ஏலத்துக்கு வந்தாலோ, முன்பணம் உள்ளவரும் ஊரில் குரல் உள்ளவரும்தான் எடுக்க முடிகிறது. மரத்தை நட்டது நூறுநாள் வேலைக்கு வந்த சேரிப் பெண்கள், பழத்தை ஏலம் எடுப்பது ஊர்ப் பெரிய வீடு என்றால், அந்தக் காட்டுக்குச் ‘சமூக’ என்ற அடைமொழி எதற்கு?

பொது நிலத்தில் கால் வைத்தாலே ஆக்கிரமிப்பு என்று மிரட்டுவோர் 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் அளித்த தீர்ப்பை மேற்கோள் காட்டுவார்கள். அத்தீர்ப்பை முழுதாக வாசிக்க வேண்டும். ஆக்கிரமிப்பாளரை வெளியேற்றச் சொன்ன அதே தீர்ப்பு, அரசு அறிவிக்கையின்படி நிலமற்ற தொழிலாளருக்கோ பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கோ குத்தகை வழங்கப்பட்டிருப்பதை விதிவிலக்காகக் குறிப்பிடுகிறது. ஆனால் நீர்நிலைப் புறம்போக்கில் உரிமை கோருவதைத் தவிர்ப்பதே அறிவுடைமை. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கம் நிற்காது.

குத்தகையின் காலஅளவும் முக்கியம். பஞ்சாபில் ஊராட்சியின் சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்கே குத்தகைக்கு விட வேண்டும் என்பது விதி. சங்ரூர் வட்டாரத்தில் ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி பினாமி ஏலதாரர்களை எதிர்த்துப் போராடி, தலித் குடும்பங்கள் கூட்டாகப் பயிரிடும் நிலையை உண்டாக்கியது. பெரிய வெற்றி. எனினும் ஏலம் ஆண்டுக்கு ஆண்டு நடப்பதால் அங்கே கோதுமையும் தீவனமும் விளையலாம். மரம் வளர வழியில்லை. நாம் கேட்கும்போது குறைந்தது இருபதாண்டுக் குத்தகை கேட்க வேண்டும். பெண்கள் பெயரில், கூட்டாகக் கேட்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் நமக்குள்ளேயே இருக்கிறது. காலியாகக் கிடக்கும் புறம்போக்கு பெரும்பாலும் அருந்ததியர் தெருவின் ஆடுகளுக்கு மேய்ச்சல் நிலம். அதைக் கிளுவை வேலியிட்டு அடைத்தால் ஆட்டை நம்பிய விதவைப் பெண்ணே முதலில் பாதிக்கப்படுவார். நிலத்தை மூன்று பகுதியாக்கி, ஒவ்வொன்றாக அடைத்து, கன்று ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வளர்ந்தபின் அடுத்ததை அடைக்கலாம். வேலியோரம் அகத்தியும் வாகையும் நட்டு, தழையை ஆடு வைத்திருப்போருக்கு முதலுரிமையாக்கலாம். இதை நடவுக்கு முன்பே தெருக்கூட்டத்தில் பேசி எழுதி வைக்காத திட்டம் நிலைக்காது.

கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய வேலை குழி தோண்டுவதற்கு முன்பே தொடங்குகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள இன்றைய ‘அ’ பதிவேட்டை மட்டும் பார்த்தால் போதாது. 1980களில் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல சர்வே எண்களின் எதிரே இருந்த ‘டி.சி. நிபந்தனை’ என்னும் குறிப்பு மறைந்து தனியார் பெயர் ஏறிவிட்டது என்பது நில உரிமை இயக்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்று, இரண்டையும் எண் எண்ணாக ஒப்பிட வேண்டும். ஒரு கிராமத்துக்குச் சில நாள்கள் பிடிக்கும். குறிப்பு பழையதில் இருந்து புதியதில் இல்லாத எண்களைத் தனியே எழுதி, வில்லங்கச் சான்றுடன் சேர்த்து, கோட்டாட்சியருக்கும் ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.