பிரேக்கே இல்லாத பைக்கில் 17 வயதுப் பையன்... தெரியுமா?

பிரேக்கே இல்லாத பைக்குக்கு உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது, தெரியுமா? ஸ்பீடுவே என்று பெயர். 500 சிசி, ஒற்றை சிலிண்டர், ஒரே ஒரு கியர், பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர்கூட கிடையாது. டேங்கில் ஊற்றுவது பெட்ரோல் அல்ல, மெத்தனால்! மண் தடத்தில் நான்கு பேர், நான்கு சுற்று. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பந்தயமே முடிந்துவிடும். பிரேக் ஏன் இல்லை? முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் பிடித்தால், ஒட்டிக்கொண்டு வருகிற மூவரும் அவர்மேல் ஏறிவிடுவார்கள். இங்கே பிரேக் இல்லாததுதான் பாதுகாப்பு!

வளைவுகள் எல்லாம் இடப்பக்கம்தான். ஆனால் ஹேண்டில்பாரைப் பாருங்கள், வலப்பக்கம் திரும்பியிருக்கும்! பின்சக்கரத்தை வேண்டுமென்றே சறுக்கவிட்டு, இடது காலைத் தரையில் ஊன்றித் தேய்த்தபடிதான் திரும்புகிறார்கள். அந்த பூட்ஸுக்கு அடியில் இரும்புக் காலணி ஒன்றை மாட்டியிருப்பார்கள். முதல் முறை பார்க்கும்போது, விழப்போகிறார் என்றே தோன்றும். விழமாட்டார். அப்படித்தான் ஓட்ட வேண்டும்!

இப்படிப்பட்ட பைக்கில் 17 வயதில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர் போலந்தின் பார்தோஷ் ஸ்மர்ஸ்லிக். அவர் பிறந்தது 1995 ஏப்ரல் 12. ஒரே இரவில் உலக சாம்பியனைத் தீர்மானிக்கும் பழைய முறையை விட்டுவிட்டு, பல ஊர்களில் நடக்கும் கிராண்ட் பிரீ தொடராக ஸ்பீடுவே மாறியதும் அதே 1995-இல்தான். என்ன பொருத்தம்!

பதின்ம வயதில் அவர் சேர்ந்த அணி ஸ்டால் கோஷுஃப். அங்கே அவருக்குச் சக வீரர் யார் தெரியுமா? 2010-இன் உலக சாம்பியன் தொமாஷ் கொல்லொப்! அவரது பிறந்தநாள் ஏப்ரல் 11. நாளில் ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம், வயதிலோ 24 ஆண்டுகள்.

2012 ஜூன் 23. அந்த அணியின் ஊரான கோஷுஃபில் கிராண்ட் பிரீ. உள்ளூர்ப் பையன் என்பதால் வைல்டு கார்டு. அந்த ஒரு இரவுக்கு மட்டும் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். முதலில் வந்தால் 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியாக வந்தால் பூஜ்யம். அப்போதைய விதிப்படி, ஐந்து பந்தயங்கள் ஓட்டி, 16 பேரில் முதல் எட்டுக்குள் வந்து, அரையிறுதியைத் தாண்டினால்தான் நால்வர் மோதும் இறுதி. அவர் எல்லாவற்றையும் தாண்டினார்! இறுதியில் மூன்றாம் இடம்! அவ்வளவு சின்ன வயதில் கிராண்ட் பிரீ மேடையேறியவர் அதற்கு முன் எவருமில்லை. எத்தனையோ சாம்பியன் பட்டங்களைவிட இந்த மூன்றாம் இடத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இரண்டே ஆண்டு. 2014-இல் அதே தடம், மறுபடி வைல்டு கார்டு. இந்த முறை வெற்றியே அவருக்குத்தான்! வயது 19. அதே ஆண்டு அவரது அணியும் போலந்து லீக் சாம்பியன். 2015-இல் 21 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம்.

2016-இல்தான் தொடர் முழுவதும் ஓட்டும் நிரந்தர இடம் கிடைத்தது. முதல் ஆண்டிலேயே வெண்கலம்! தங்கம் வென்ற அமெரிக்கர் கிரெக் ஹான்காக்குக்கு அப்போது வயது 46. ஸ்மர்ஸ்லிக்குக்கு 21. ஹான்காக் தன் முதல் உலகப் பட்டத்தை வென்ற 1997-இல் இந்தப் பையன் இரண்டு வயதுக் குழந்தை! அப்பா, மகன் வயதில் இருப்பவர்கள் ஒரே தடத்தில் ஒரே பதக்கத்துக்கு மோதுவதை வேறு எத்தனை விளையாட்டில் பார்க்க முடியும்?

2018-இல் வெள்ளி. 2019-இல் தோருன் நகரில், 24 வயதில், உலக சாம்பியன்! 1973-இல் யெஷி ஷ்சாக்கியெல், 2010-இல் கொல்லொப், இவர்களுக்குப் பிறகு இந்தப் பட்டத்தை வென்ற மூன்றாவது போலந்துக்காரர். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரர் யார் என்று போலந்து மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. கால்பந்து உலகமே கொண்டாடும் ராபர்ட் லெவாண்டோவ்ஸ்கியும் போட்டியில் இருந்தார். அவரையும் முந்தி முதலிடம் பிடித்தவர் பிரேக் இல்லாத பைக் ஓட்டுகிற ஸ்மர்ஸ்லிக்!